களத்து மரக்காலும் வியாழனின் நிறையும்

பந்தல்குடியைச் சுற்றிய கரிசல் காடுகளில் அறுவடை முடிந்து, களத்தில் தூற்றிய தானியம் பொலியாகக் குவிந்து கிடக்கும்போது, அளக்க வருகிறவர் மரக்காலால் முகந்து, முதல் அளவை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று மங்கலமாகச் சொல்லித் தொடங்கி, நிலத்துக்காரருக்கும் பயிரிட்டவருக்கும் வாரம் பிரித்துக் கொடுப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. அந்த மரக்கால் சர்க்கார் அளவுக்கு ஓர் உழக்குக் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் வாரத்தில் பிசகு நேராது. இரண்டு பங்கையும் அளந்தது ஒரே மரக்கால் அல்லவா? கிரகங்களின் நிறையைச் சொல்ல வரும் வான சாஸ்திரிகள் கிலோகிராமை ஒதுக்கிவிட்டு, ‘இத்தனை பூமி’, ‘இத்தனை வியாழன்’ என்று கூறுவதற்கும் இந்தக் களத்து நியாயமே ஆதாரம்.

எண்கள் பெரியவை என்பதால்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான். பூமியின் நிறையைக் கிலோவில் எழுதினால், ஏறக்குறைய 6 என்று போட்டு அதன்பின் 24 பூஜ்யங்களை அடுக்க வேண்டும். அப்படி எழுதிய எண் மனத்தில் எந்த உருவத்தையும் எழுப்புவதில்லை. செவ்வாய் பூமியில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு, சனி 95 பூமி, வியாழன் 318 பூமி என்றாலோ, ‘எத்தனை பவுன்?’ என்று கேட்டே பழகிய நமக்கு உடனே விளங்கிவிடுகிறது. ஆயினும், சௌகரியத்தைக் காட்டிலும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அது நிறுக்கும் முறையிலேயே அடங்கியிருக்கிறது.

பந்தல்குடிச் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிய லாரி எடைமேடைமீது ஏறி நின்றால் அதன் பாரம் தெரிந்துவிடும். கிரகத்தை ஏற்றி நிறுக்க மேடை ஏது? அதைச் சுற்றி வரும் துணைக்கோள்தான் அங்கே தராசு. நம் சந்திரன் பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் 27.3 நாளுக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. வியாழனின் ஐயோ என்னும் துணைக்கோளோ, அதைவிடச் சற்றே அதிகமாக 4,21,700 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும், 1.77 நாளிலேயே ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. ஏறக்குறைய ஒரே நீளமுள்ள கயிற்றில் கட்டிய இரண்டு கற்களில் ஒன்று பதினைந்து மடங்குக்கும் அதிகமான வேகத்தோடு சுழல்கிறது என்றால், அதை இழுத்துப் பிடித்திருக்கும் கை எவ்வளவு வலியது! தூரங்களின் விகிதத்தை மும்மடி பெருக்கி, காலங்களின் விகிதத்தை இருமடி பெருக்கி, இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் ஏறக்குறைய 315 கிடைக்கிறது; பூமியில் 81-ல் ஒரு பங்கான சந்திரனின் சொந்த நிறையையும் கணக்கில் கொண்டால் அது 318-ஐ ஒட்டி வந்துவிடும். இத்தனை கணக்கிலும் கிலோகிராம் ஓரிடத்திலும் தலைகாட்டவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இத்தகைய அளவை நம் தமிழ்நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். 1792-ல் கம்பெனி ஆட்சியில் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைமைப் பொறுப்பை 1850-களில் வகித்த கேப்டன் ஜேக்கப், வியாழனின் துணைக்கோள்களை அளந்து, அதன் நிறைக்கு அதுவரை வழங்கிய மதிப்பைத் திருத்தினார். அக்காலத்தில் ஒப்பு நோக்கிய பொருள் சூரியன். இன்று நாம் கொள்ளும் மதிப்பின்படி வியாழன் சூரியனில் 1,047-ல் ஒரு பங்கு. நுங்கம்பாக்கத்தின் நெரிசலில் போகிறவர்கள் இதை ஒருமுறையேனும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கிலோகிராமில் சொல்லியே ஆக வேண்டுமென்றால், ஈர்ப்பின் வலிமையைத் தனியே அறிந்தாக வேண்டும். 1798-ல் இங்கிலாந்தில் காவெண்டிஷ் ஈயக் குண்டுகளின் மெல்லிய இழுப்பைக் கொண்டு இதற்கு வழிகாட்டினார். அந்த இழுப்பு அத்தனை நுட்பமானதாகையால், இன்றைய கருவிகளும் அந்த எண்ணை நாலைந்து இலக்கங்களுக்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாமல் திணறுகின்றன. கிரகங்களின் விகிதங்களோ அதைவிட நுட்பமாகத் தெரிந்தவை. அவற்றைக் கிலோவாக மாற்றுவது, சரியாகப் பிரித்த வாரத்தைச் சந்தேகமான மரக்காலால் மறுபடி அளப்பதற்கு ஒப்பாகும்.

நம் காலத்துக்கு வருவோம். அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தார் ஆபு மலையில் அமைத்த தொலைநோக்கியைக் கொண்டு, வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகம் ஒன்றின் நிறை 27 பூமி என்று 2018-ல் அறிவித்தார்கள். 2023-ல் அவர்கள் அறிவித்த மற்றொன்றுக்குப் பூமி என்னும் படி போதவில்லை. வியாழனையே மரக்காலாகக் கொண்டு, ஏறக்குறைய 13 வியாழன் என்றார்கள். அந்த 13 வெறும் எண்ணன்று. அதையொட்டிய நிறைக்கு மேற்பட்ட பொருளின் கர்ப்பத்தில் கன ஹைட்ரஜன் எரியத் தொடங்கிவிடுமாதலால், கிரகம் என்னும் பெயரைக் கைவிட்டுப் பழுப்புக் குறுமீன் என்று வழங்குவர்; ஆபு மலையார் கண்டது அந்த வரப்பின்மீதே நிற்கிறது.

வியாழன் உதித்து மேலே வரும் இரவுகளில், பந்தல்குடிப் பக்கத்துக் கண்மாய்க் கரை ஒன்றில் சிறிய தொலைநோக்கியை நிறுத்திப் பார்த்தால், அதன் இரு மருங்கிலும் நான்கு ஒளிப்புள்ளிகள் ஒரே வரிசையில் தோன்றும். மிக நெருங்கி நிற்கும் ஐயோ நாற்பத்திரண்டரை மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். ஒரு கடிகாரமும், கோடு போட்ட நோட்டும், சில வாரப் பொறுமையும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளும் அந்தக் காலத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.