ஊர்க் கடிகாரம், தீவுச் சூரியன்

பெரார்கஞ்ச்: புதிதாகக் கப்பலில் வந்திறங்கும் தமிழரை இங்கே முதலில் ஏமாற்றுவது சூரியன்தான். மே மாதத்தில் காலை 5 மணிக்கே விடிந்துவிடும். நவம்பரில் மாலை 5 மணிக்கு அலுவலகம் விட்டு வந்தால் விளக்கு வைக்கும் நேரம்! சென்னைக்குக் கிழக்கே 1,300 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்தும் கடிகாரம் மட்டும் ஒன்றே.

இன்னொரு வேடிக்கை: கடையில் இருவர் இந்தியிலேயே விலை பேசி முடிப்பார்கள். சில்லறை எண்ணும்போதுதான், "அண்ணே, நமக்கு எந்த ஊரு?" என்பார்கள்.

சிரிப்பு அடங்குவது, ஊரிலிருந்து சாவுச் செய்தி வரும்போது. சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் சில மணி நேரம்தான். ஆனால் கூலிக்காரர் கைக்கு எட்டுமா? போனிலேயே அழுதுவிட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்ச் சேரலாமென்று கப்பல் தேதியை விசாரிக்கிறார்கள்.