ஒரே ஆற்றின் ஊர்கள்

பொதிகை மலையிலிருந்து இறங்கிப் பாபநாசத்தில் சமவெளியைத் தொடும் தாமிரபரணி, விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஊர் ஊராக நெல்லுக்கும் வாழைக்கும் பாய்ந்து, திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓடி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைக் கடந்து புன்னைக்காயலில் கடலோடு சேரும் வரையில், மேலூரார் குளித்துத் துவைத்து விட்ட ஜலத்தையே கீழூரார் குடிநீராகக் கொள்கிறார்கள். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், நகராட்சிக் கட்டடத்தின் ஒரு பகுதியில் அதிக ஆரவாரமின்றி இயங்கும் சுகாதாரப் பிரிவு எதற்காக இருக்கிறது என்பது விளங்கும். வியாதி வந்த மனிதனை ஆஸ்பத்திரி கவனித்துக்கொள்கிறது. ஒருவருடைய வியாதி இன்னொருவரைச் சென்று சேரும் வழிகளை அடைப்பது சுகாதாரப் பிரிவின் கடமை.

அந்த வழிகள் எவையென்று அறிவதற்கே நம் முன்னோருக்கு வெகுகாலம் பிடித்தது. 1809 முதல் 1811 வரை திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பிரதேசங்களை விஷக் காய்ச்சல் வாட்டியபோது, அதன் காரணத்தை விசாரிக்கக் கிழக்கிந்தியக் கும்பினி அரசாங்கம் வைத்தியர் குழுவொன்றை நியமித்தது. ஆனால் சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே காய்ச்சலை உண்டாக்குகிறது என்று நம்பிய அக்கால வைத்திய சாஸ்திரத்தால் ஜனங்களுக்குச் செய்யக்கூடியது சொற்பமே. 1866-இல் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் நகராட்சிகளாகி, ஊர்க் காரியங்களைக் கவனிக்க ஓர் அமைப்பு உண்டாயிற்று. 1897-இல் ரொனால்டு ராஸ், செகந்திராபாத்தில், மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் கண்டார். இவ்வாறு சேர்ந்த அறிவையெல்லாம் அதிகாரமாக்கித் தந்தது 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், கொசு, உணவு, திருவிழா, தாய்சேய் நலம் ஆகிய யாவும் அதில் அடங்கின. ஒருவர் தம் வீட்டுத் தண்ணீரில் கொசு வளர விடுவது அவருடைய சொந்த விஷயமாகாது என்று அந்தச் சட்டம் துணிந்து கூறியது.

குடிநீரை முதலில் எடுத்துக்கொள்வோம். கொண்டாநகரம், குறுக்குத்துறை போன்ற இடங்களில் ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து திருநெல்வேலிக்குத் தண்ணீர் போகிறது. ஆற்று மணல் கலங்கலை இயல்பாகவே வடிகட்டித் தருகிறது; ஆயினும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்குக் குளோரின் வேண்டும். தொட்டியில் கலந்தால் மட்டும் போதாது. குழாயில் எங்காவது ஒரு கசிவு வழியாகச் சாக்கடை நீர் புகுந்துவிட்டால் அதை எதிர்ப்பதற்கு, கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். ஆகவே சுகாதார ஆய்வாளர் தெருக்குழாயில் சிறு கண்ணாடிக் குப்பி நிறையத் தண்ணீர் பிடித்து, சோதனைத் திரவத்தில் சில துளிகள் விட்டு, தோன்றும் நிறத்தை அளவு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். வாந்திபேதி வராமலிருப்பதற்கு இந்தச் சிறு காரியம் ஒரு பெருங்காரணம்.

இனிக் கொசு. 2012-இல் தமிழ்நாட்டில் 12,000-க்கும் அதிகமானோரை டெங்கு பீடித்தபோது, அப்போது திருநெல்வேலி மாவட்டத்திலும் இப்போது தென்காசி மாவட்டத்திலும் அடங்கிய கடையநல்லூர் மிகுந்த துயரத்துக்கு ஆளாயிற்று. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நாம் பத்திரமாகச் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரையே நாடுகிறது. தண்ணீர் நாள்தோறும் வராத ஊரில் டிரம்மும் சிமெண்டுத் தொட்டியும் பெருகுகின்றன. அவற்றோடு கொசுவும் பெருகுகிறது. முட்டை ஏழெட்டு நாளில் கொசுவாகிறது என்பதால்தான் வாரம் ஒரு முறை பாத்திரத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள். பக்கச் சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீரின்றியே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால்தான் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். வீடு வீடாக வந்து தொட்டியில் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடி அபேட் மருந்து ஊற்றும் பணியாளர்களை, 'எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம். திறக்காத ஒரு வீட்டின் தொட்டி, திறந்துவிட்ட பத்து வீடுகளின் முயற்சியையும் வீணாக்கப் போதுமானது.

பக்திக்கும் இந்தச் சுகாதாரக் கடமைக்கும் முரண்பாடில்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருகின்றன. அந்த இடம், கீழேயுள்ள குடிநீர்க் கிணறுகள் அனைத்துக்கும் மேலே இருக்கிறது. அங்கே கழிப்பிடமும் சுத்தமான குடிநீரும் குப்பை அகற்றுவோரும் இல்லாவிட்டால் அதன் பலன் பள்ளத்தாக்கு முழுவதுக்கும் போய்ச் சேரும். பாபநாசத்தில் பரிகாரம் செய்துவிட்டு உடுத்த துணியை ஆற்றில் விட்டுச் செல்லும் வழக்கமும், ஆற்றோர ஊர்களின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் கலப்பதும் அப்படிப்பட்டவையே. தாயென்று வணங்கும் ஆற்றுக்கு நாம் இதைச் செய்யலாகாது.

மேலூருக்கும் கீழூருக்கும் உள்ள இந்தப் பிணைப்பு எத்தனை இறுக்கமானது என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் உணர்த்தின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ய, தாமிரபரணி கரை புரண்டு ஓட, குடிநீர் விநியோகம் சீர்குலைந்தது. வெள்ளம் வடிந்த பின் வரக்கூடிய வயிற்றுப்போக்கையும் எலிக்காய்ச்சலையும் தடுக்க, தூய்மைப் பணியாளர்கள் சேற்றில் இறங்கிக் குப்பை வாரினார்கள். பிளீச்சிங் பவுடர் தூவப்பட்டது. மருத்துவ முகாம்கள் நடந்தன. இவர்களுடைய சேவையின் பயன், வராத வியாதி. வராத வியாதிக்கு நன்றி சொல்வோர் அரியர்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. வாரத்தில் ஒரு நாளைத் தொட்டி கழுவுவதற்கென்று ஒதுக்கலாம். சோதனைக்கு வருகிறவர்களை உள்ளே அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். பிறப்பையும் இறப்பையும் சட்டம் கூறும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யலாம். எந்தத் தெருவில் எதனால் மரணம் நேர்கிறது என்று அந்தப் பதிவேட்டிலிருந்தே அதிகாரிகள் அறிகிறார்கள். வார்டு உறுப்பினரிடம் தெருவிளக்கைக் கேட்பது போலவே, நம் குழாயில் குளோரின் எவ்வளவு, நம் சாக்கடை எங்கே போய்க் கலக்கிறது, தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் உரிய ஊதியமும் கிடைக்கின்றனவா என்று கேட்கலாம். மேலூர் கீழூருக்குக் கடமைப்பட்டது. கீழூரும் தனக்குக் கீழேயுள்ள ஊருக்குக் கடமைப்பட்டது. அந்தக் கடமையை ஒவ்வோர் ஊரும் தன் வரவு செலவுத் திட்டத்திலும், ஒவ்வொரு வீடும் தன் முற்றத்திலும் நிறைவேற்றுமானால், இந்தப் பள்ளத்தாக்கின் ஜனங்கள் ஆரோக்கியமாக வாழ்வார்கள்.