லயத்து அறையும் உளவளத்துணையும்

பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலைச் சாரலிலும் உள்ள தோட்டங்களில், வேலை பகிரும் காலைப் பிரட்டுக் கலைந்தபின் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலையேறும் ஒரு தாய், முந்திய இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டிருந்தாள் என்பதை அவளுடைய முகத்தைக் கண்டு அயலார் ஊகிக்கக்கூடுமேயன்றி, அவளாக வாய்திறந்து சொல்வது அபூர்வம். தலை பாரம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் உளைச்சல் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் அவள் முறையிடும் உபாதைகளுக்கு மாத்திரை கிடைக்கும். "யோசனை கூடிப்போச்சு" என்று நிரையில் தன்னோடு நிற்கும் தோழியிடம் மாத்திரம் சொல்லுகிற உபாதைக்கு அங்கே மருந்தில்லை.

அந்த உபாதையைக் கேட்பதற்கென்றே பயின்றவர்கள் நம் தேசத்தில் இல்லாமலில்லை. 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின், 2005இல் அங்கீகரிக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சையை அங்கொடை மனநல வைத்தியசாலையோடு நிறுத்திவிடாமல் மாவட்டந்தோறும் கொண்டுசெல்ல வேண்டுமென்று வகுத்தது. பதுளை வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர் நியமனமும் உண்டு. ஆனால், ஒருநாட் சம்பளத்தை இழந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து பட்டணம் சேர்ந்தபின், தன் மனத்தில் உள்ளதைத் தன் தாய்மொழியிலேயே கேட்கவல்ல ஒருவர் அங்கே இருப்பாரா என்ற சந்தேகம், புறப்படுவதற்கு முன்பே அவளுடைய காலைக் கட்டிவிடுகிறது. கொரோனாக் காலத்தில், 2020 முதல், உலகெங்கும் பரவிய இணையவழி உளவளத்துணை, அதாவது அனுமதி பெற்ற நிபுணரோடு தொலைபேசித் திரையின் மூலம் குறித்த நேரத்தில் பேசும் முறை, நம் மலைகளுக்கு மற்றெல்லா இடங்களையும்விட அதிகப் பிரயோசனம் உடையது என்று நான் கருதுவது இக்காரணத்தாலேயே. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் தமிழ் நிபுணர் ஒருவர், அப்புத்தளை மலைமேல் இருப்பவளுக்கு எட்டக்கூடியவராகிறார்.

அவர் செய்வது உபதேசம் அன்று. முதற் சந்திப்பில், பேசுவது எதுவும் வெளியே போகாது என்றும், உயிருக்கு ஆபத்து நேரும் என்று அஞ்சினால் மட்டும் பிறருக்கு அறிவிக்க நேரும் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டு, அவள் அந்த வேளையில் எங்கே இருக்கிறாள், அவசரமானால் யாரை அழைப்பது, சிக்னல் அறுந்தால் மறுபடி யார் எடுப்பது என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். பின்னர், சென்ற இரண்டு வாரங்களில் உறக்கம் எப்படி, பசி எப்படி, முன்பு பிரியமாய்ச் செய்த காரியங்களில் நாட்டம் உண்டா என்றவாறு ஒன்பது வினாக்கள் எழலாம். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பிட்டுக் கூட்டும் இந்த அளவுகோல், மனச்சோர்வின் கடுமையை அறிய உலகெங்கும் வழங்குவது. முக்கால் மணி நேரம் அளவில் நடக்கும் இத்தகைய சந்திப்புகள் வாரந்தோறும் தொடர, எந்த நினைவு எந்தப் பயத்தை எழுப்புகிறது, எந்தப் பயம் எந்தச் செயலைத் தடுக்கிறது என்பதை இருவருமாக ஆராய்ந்து, அடுத்த வாரத்துக்குச் சிறியதொரு காரியத்தைத் தீர்மானிப்பார்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியபோதும், 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்துச் சரிவுகளைப் பெயர்த்தபோதும் உயிர் தப்பியவர்களுள், இரவு மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காரும் ஒருவருக்கு, இந்த ஆராய்ச்சி எத்துணை அவசியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிய இடையூறு இணையம் அன்று, இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கணக்கிடப்பட்ட பழைய லயத்து அறையில், மாமியாரும் பிள்ளைகளும் கணவனும் ஒரே கூரையின்கீழ்ப் படுத்திருக்க, அடுத்த காம்பராவில் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கும் நிலையில், ஒரு பெண் தன் கணவனின் குடியைப் பற்றி யாரிடம் எப்படிப் பேசுவாள்? கைப்பேசியும் பெரும்பாலும் அவனுடையதாகவே இருக்கும். இதை அறிந்த உளவளத்துணையாளர், "அக்கா, பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்று தொடங்குவார், யாரேனும் வந்துவிட்டால் சொல்வதற்கென, பிள்ளையின் பள்ளிக்கூட விஷயம் போன்ற ஒரு வார்த்தையை முன்னரே பேசிவைப்பார்.

யாரிடம் பேசுகிறோம் என்பதும் கவனத்துக்குரியது. மனநல வைத்தியர்களுக்கும் மருத்துவ உளவியலாளர்களுக்கும் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு உண்டு. ஆலோசகர் என்ற பெயரையோ வேறு எவரும் சூட்டிக்கொள்ளக்கூடும். ஆகையால் படிப்பு எங்கே, பதிவு எங்கே, மேற்பார்வையாளர் யார் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. கேள்விக்குக் கோபிப்பவரை விட்டு விலகுவதே நலம். நம் இரகசியத்தை எவ்விதம் காப்பார்கள் என்றும் விசாரிக்க வேண்டும். 2023இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு, உறுப்பினரின் சுகாதார விவரங்களை பேஸ்புக், ஸ்னப்சட் முதலியவற்றுக்கு விளம்பரத்தின்பொருட்டு அளித்ததாகக் கூறி, பெட்டர்ஹெல்ப் என்னும் பெரிய இணையவழி உளவளத்துணை நிறுவனத்தை 78 இலட்சம் டொலர் செலுத்தச் செய்தது. இம்முறைக்கும் எல்லை உண்டு: தற்கொலை எண்ணம் வலுத்தவருக்கும், இல்லாத குரல்கள் கேட்பவருக்கும், குடியை நிறுத்தியதும் உடல் நடுங்குபவருக்கும் திரைப் பேச்சு போதாது. அவர்களை உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குவது.

தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் நான் கேட்பது ஓர் அறை மாத்திரமே. மாலையில் பிள்ளைகளைத் தாய்மார் அழைத்துப் போனபின் வெறுமையாய்க் கிடக்கும் பிள்ளைக் காம்பராவில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓர் இணைய இணைப்பு, உட்புறம் ஒரு தாழ்ப்பாள். வெளிநாட்டில் இருக்கும் மகளோடு பேசவும், பத்திரங்களை நிரப்பவும், மாணவர் பாடம் கேட்கவும் அதே அறை பயன்படட்டும். அப்போதுதான் உள்ளே போனவர் எதற்காகப் போனார் என்பது லயத்தில் எவருக்கும் தெரியாது.