கோடையில் பூட்டப்படும் மொழி

ஏப்ரல் பிறந்ததும் திண்டுக்கல் நகரத்துச் சுவர்களில் கோடைப் பயிற்சி முகாம்களின் விளம்பரங்கள் முளைத்துவிடுகின்றன. பேச்சு ஆங்கிலம், ஓவியம், நடனம், கீபோர்டு, அபாகஸ் எனப் பட்டியல் நீளும். கட்டணம் செலுத்த இயலும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்பது கற்றலின் இன்னொரு வடிவம். நகரத்தைத் தாண்டி வேடசந்தூர், நிலக்கோட்டை, ஆத்தூர் பக்கத்துச் சிற்றூர்களுக்குச் சென்றால், அரசுப் பள்ளியின் வாயில் பூட்டப்பட்ட நாளோடு ஆங்கிலமும் பூட்டப்பட்டுவிடுகிறது. ஓவியமும் நாடகமுமோ பல பள்ளிகளில் ஆண்டு முழுவதுமே அரைகுறையாகத்தான் திறந்திருக்கின்றன.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982-ல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளைச் சமூகவியலாளர்கள் கார்ல் அலெக்சாண்டரும் டோரிஸ் என்ட்விசிலும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பள்ளி நடந்த மாதங்களில் ஏழைக் குழந்தைகளும் வசதியான குழந்தைகளும் ஏறக்குறைய இணையாகவே முன்னேறினர். இடைவெளி விரிந்தது கோடை விடுமுறைகளில். பள்ளியை அவர்கள் தண்ணீர்க் குழாய்க்கு ஒப்பிட்டனர். திறந்திருக்கும் வரை எல்லோருக்கும் நீர். மூடிய பின் சொந்தக் கிணறு உள்ளவர்களுக்கு மட்டுமே. பின்னர் வந்த ஆய்வாளர்கள் சிலர் இந்த அளவீட்டைக் கேள்விக்குள்ளாக்கியுள்ளனர். இடைவெளியின் பெரும்பகுதி பள்ளியில் சேரும் முன்பே உருவாகிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். கணக்கிலும் வாசிப்பிலும் அந்த விவாதம் தொடரட்டும். நம் கிராமத்துக் குழந்தையின் ஆங்கிலத்துக்கு அந்த உவமை அப்படியே பொருந்தும். வீட்டிலும் தெருவிலும் அதற்கு வேறு ஊற்று இல்லை. கைபேசி இருக்கிறதே என்பார்கள். கைபேசி கேட்க வைக்கும். குழந்தையின் பதிலுக்காகக் காத்திருக்காது.

எழுதத் தெரிந்தும் பேச இயலாமை: அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் அது விரிவானது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசல் திறந்ததில் இது பெரும் பாய்ச்சல். உள்ளே நுழைந்த பிறகு எதிர்ப்படுவது ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு. பாடம் புரியாமல் போவதைவிட, புரியவில்லை என்று சொல்ல வாய் வராமல் போவதே பெரிய இடர். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்து, தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்ற மாணவர், யாரிடமும் எதையும் அம்மொழியில் கேட்டதே இல்லை என்பதுதான் சிக்கலின் மையம். கேட்க வேண்டிய தேவை அவருக்கு நேர்ந்ததில்லை. கேட்டால் தவறாகிவிடுமோ என்ற கூச்சம் மட்டும் நேர்ந்திருக்கிறது.

இதற்கான விடையின் ஒரு பகுதி நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை பள்ளிகளில் ஒரு புதிய முறையை முயன்றார். இலக்கண விதிகளை வரிசையாகப் போதிப்பதற்குப் பதில், ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுவது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற பணிகள் மாணவர்களுக்குத் தரப்பட்டன. மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது மொழி தானாகப் படிகிறது என்பது அவரது கருதுகோள். 1987-ல் அது நூலாக வந்து உலகெங்கும் மொழி ஆசிரியர்களிடையே பேசப்பட்டது. நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் அது இன்னும் அழுத்தமாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

கலையும் ஆங்கிலமும் சேரும் இடம் இதுவே. ஒரு வாக்கியத்தை இருபது முறை சொல் என்று ஆசிரியர் கட்டளையிட்டால் அது தண்டனை. நாடகத்தில் அதற்குப் பெயர் ஒத்திகை. ‘வேர் ஆர் யூ கோயிங்?’ என்று ஆசிரியர் முன் எழுந்து நின்று சொல்லத் தயங்கும் சிறுமி, ஓநாய் முகமூடி அணிந்ததும் அதையே உறுமலோடு கேட்பாள். தவறு நேர்ந்தாலும் அது ஓநாயின் தவறு. பொம்மலாட்டமும் இப்படித்தான், திரைக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று தெரிவதில்லை. பாட்டி சொன்ன கதையைத் தமிழில் சொல்லி, படமாக வரைந்து, பிறகு அந்தப் படத்தைப் பற்றி நான்கு ஆங்கில வாக்கியங்கள் பேசுவது இன்னொரு வழி. தமிழ் இங்கே தடையாக நிற்பதில்லை. கதை அதிலிருந்துதான் பிறக்கிறது. சின்னாளபட்டியில் நெசவும் சாயமும் அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு, சேலையில் நிறம் ஏறும் விதத்தைப் புதியவர் ஒருவருக்கு விளக்குவதைவிடச் சிறந்த ஆங்கிலப் பாடம் வேறென்ன இருக்க முடியும்?

காந்திகிராமத்தின் மரபு: திண்டுக்கல் சமவெளிக்கு இது அந்நியமான சிந்தனை அல்ல. சின்னாளபட்டியை ஒட்டி 1947-ல் காந்திகிராமத்தை நிறுவியவர்கள் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் அவரது கணவர் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம் 1962-ல் திண்டுக்கல்லின் மக்களவை உறுப்பினராகி, மத்திய கல்வித் துணை அமைச்சராகப் பணியாற்றினார். ராமச்சந்திரன் தாகூரின் சாந்திநிகேதனில் பயின்றவர். 1924-ல் டெல்லியில் காந்தியைச் சந்தித்த அந்த இளம் மாணவர், கலையைப் பற்றித்தான் அவரிடம் துருவித் துருவிக் கேட்டார். அழகிலிருந்து உண்மைக்குச் செல்வதா, உண்மையிலிருந்து அழகைக் காண்பதா என்று நீண்ட அந்த உரையாடலை மகாதேவ் தேசாய் ‘யங் இந்தியா’வில் பதிவுசெய்தார். அந்தக் கேள்வியைக் கேட்டவர் பின்னாளில் ஒரு கல்வி நிலையத்தை உருவாக்கியபோது, கைத்தொழிலோடு கலையும் அங்கே இடம்பெற்றதில் வியப்பில்லை.

1977-ல் தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறை, நவீனத் தமிழ் நாடகத்தின் திருப்புமுனைகளுள் ஒன்று. அதை முன்னின்று நடத்தியவர் பேராசிரியர் செ. இராமானுஜம். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியில்தான் மு. இராமசாமி மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். சில வாரங்கள் ஓரிடத்தில் தங்கி உடலாலும் குரலாலும் பயின்றால் என்ன நிகழும் என்பதற்குத் திண்டுக்கல்லுக்கு வெளியூர்ச் சான்று தேவையில்லை.

ஆனால், ஆங்கிலம்? 1937-ல் வார்தா மாநாட்டில் உருப்பெற்ற ஆதாரக் கல்வி, தாய்மொழியையும் கைத்தொழிலையும் மையமாக வைத்து ஆங்கிலத்தைத் தொடக்கக் கல்வியிலிருந்து விலக்கியது. அந்த மரபில் வந்த மண்ணில் ஆங்கிலக் கோடைப் பள்ளி முரண் அல்லவா என்று கேட்கலாம். காந்தி எதிர்த்தது, பயிற்றுமொழியாகி மாணவரின் சிந்தனையை நசுக்கும் ஆங்கிலத்தை. ராமச்சந்திரனுடனான அந்த உரையாடல்கூட அச்சானது காந்தி நடத்திய ஆங்கில இதழில்தான். அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, ஆங்கிலத்தைப் பேசிப் பழகும் மொழியாகக் கற்பதே இரண்டுக்கும் நியாயம் செய்யும் வழி என்பது என் கருத்து. பாடங்கள் அனைத்தையும் ஆங்கில வழிக்கு மாற்றிவிட்டு, ஆங்கிலத்தை மட்டும் பேசாமல் விட்டுவிடும் இன்றைய போக்கு இரண்டையுமே கெடுக்கிறது.

மே மாதத்தின் நிபந்தனைகள்: கோடைப் பள்ளியைப் பற்றிப் பேசுவோர் மே மாதத்துக் கிராமத்தை அறிந்திருக்க வேண்டும். வேடசந்தூர் வட்டாரம் நூற்பாலைகளின் பகுதி. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், ‘ரிசல்ட் வரும் வரை’ என்று வேலைக்குச் செல்லும் பெண்களில் சிலர் பதினொன்றாம் வகுப்புக்குத் திரும்புவதில்லை. இதை இப்பகுதி ஆசிரியர்கள் நன்கறிவர். அந்த வயதுப் பெண்ணுக்குக் கோடைப் பள்ளி என்பது பொழுதுபோக்கு அன்று. பள்ளியோடு அவளுக்குள்ள கயிறு அறுந்துவிடாமல் பிடித்து வைப்பது. ஆனால், அது ஒரு மாதக் கூலியோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. சத்துணவுக் கூடத்தின் அடுப்பும் விடுமுறையில் அணைந்திருக்கும். மதிய உணவும் சிறு உதவித்தொகையும் இல்லாத முகாமுக்கு யார் வருவார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று: ஏற்கெனவே வர வசதியுள்ளவர்கள்.

கற்றுத்தர ஆட்கள் உண்டா? 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களைத் திரட்ட முடியும் என்று காட்டியது. அத்திட்டத்தை மக்களிடம் கொண்டுசெல்ல ஊர் ஊராகக் கலைக்குழுக்கள் அனுப்பப்பட்டன. அவர்கள் பறையடித்து, பாடி, ஆடிவிட்டு அடுத்த ஊருக்குச் சென்றார்கள். கலை அங்கே அறிவிப்பாக இருந்தது, பாடமாக இல்லை. பண்பாட்டுத் துறையின் ஜவஹர் சிறுவர் மன்றங்கள் குழந்தைகளுக்கு ஓவியமும் பாட்டும் நடனமும் கற்பிக்கின்றன. அவற்றின் நிழல் சிற்றூர்கள் வரை நீள்வதில்லை. அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி கற்பிக்க 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் ரூ.5,000 ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். ஊதியம் பின்னர் படிப்படியாக உயர்ந்தது. ஆனால், மே மாதத்துக்கு ஊதியம் இல்லை என்ற நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்து, அவர்களது போராட்டங்களின் நிலையான கோரிக்கையானது. குழந்தைகள் கையில் தூரிகை கொடுக்க ஓய்விருக்கும் ஒரே மாதத்தில், தூரிகை பிடிக்கத் தெரிந்தவர் கூலி வேலை தேட வேண்டியிருந்தது. முழு மே மாத ஊதியத்தோடு அவர்களை மூன்று வாரக் கோடைப் பள்ளிக்கு அமர்த்துவது புதிய துறையோ புதிய கட்டிடமோ கேட்காத செலவு.

மூன்று வாரங்களில் யாரும் சரளமாக ஆங்கிலம் பேசிவிட மாட்டார்கள். அப்படி உறுதியளிக்கும் விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை. கூச்சம் சற்று விலகும். ஜூனில் வகுப்பில் ஒரு கை கூடுதலாக உயரும். அதை அளக்க வேண்டுமானால், நிறைவு விழாப் புகைப்படங்களை விடுத்து, ஆகஸ்ட் மாதம் அதே வகுப்புக்குச் சென்று பார்க்க வேண்டும்.

நேரத்தையும் ஊர்தான் முடிவுசெய்ய வேண்டும். வெயிலைக் கருதி காலை ஏழு மணிக்குத் தொடங்கலாம் என்று சென்னையிலிருந்து சுற்றறிக்கை வரக்கூடும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பூத்துக் குலுங்கும் பருவம் அது. பிள்ளைகளும் விடியும் முன்பே தோட்டத்துக்குச் சென்று, பறித்த பூவைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். அங்கே வகுப்பு மாலை நான்கரைக்குத்தான் கூட முடியும்.