குறட்டைக்கு அருகில் விழித்திருப்பவர்களுக்கு

உறக்கச் சிக்கலுக்காக எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர்களில் பலர் தாமாக வருவதில்லை, அழைத்து வரப்படுகிறார்கள். "எனக்கு ஒன்றும் இல்லை டாக்டர், படுத்த உடனே தூங்கிவிடுவேன். இவள்தான் பிடிவாதமாகக் கூட்டி வந்திருக்கிறாள்" என்று கணவர் தொடங்குவார். அவர் சொல்வது பொய்யன்று. தம் குறட்டையைத் தாமே கேட்பவர் அரிது. உறக்கத்தில் தம் மூச்சு நின்றதை அறிந்தவர் அதைவிட அரிது. அவருடைய இரவைப் பற்றி விவரம் சொல்லக்கூடியவர் பக்கத்து நாற்காலியில் களைத்த கண்களோடு அமர்ந்திருக்கும் துணைதான். இக்கட்டுரை முதன்மையாக அவருக்காக எழுதப்படுகிறது.

குறட்டை விடுபவர் நிம்மதியாக உறங்குகிறார் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய எண்ணம். கும்பகர்ணன் பெயரைச் சொல்லிக் கேலி செய்வதோடு பேச்சு முடிந்துவிடும். கேலிக்குரிய ஒன்றை நோய் என்று மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதால், பத்து, பதினைந்து ஆண்டுகள் இதைச் சகித்த பிறகே பலர் வருகிறார்கள். குறட்டை விடுபவர் பெண்ணாக இருந்தால் தயக்கம் இன்னும் கூடுகிறது. உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போய் மண்டபத்தில் இரவு தங்குவதைத் தவிர்க்கும் பெண்களை நாங்கள் கண்டிருக்கிறோம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களிடமும் குறட்டையும் மூச்சுத்தடையும் கூடுகின்றன. அது நாணப்பட வேண்டிய செய்தியன்று; மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

உறங்கும்போது உடலின் மற்றத் தசைகளைப் போலவே தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிகிறது. குறுகிப்போன வழியில் காற்று புகும்போது மென் அண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. அந்த அதிர்வே குறட்டை. வழி குறுகுவதோடு நின்றால் அது பெரும்பாலும் ஓசைத் தொல்லை மட்டுமே. சிலருக்கு வழி முழுவதுமாக அடைபட்டுவிடுகிறது. மார்பும் வயிறும் மூச்சுக்காக முயல்கின்றன. காற்று உள்ளே செல்வதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைகிறது. மூளை ஒரு நொடி விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. காலையில் இவற்றில் எதுவும் அவர் நினைவில் இருப்பதில்லை.

ஆகவே, குறட்டையின் ஓசையைவிட அதன் நடுவே திடீரென விழும் அமைதியைப் பற்றியே நாங்கள் அதிகம் கேட்கிறோம். மூச்சு பத்து நொடிகளோ அதற்கு மேலோ நிற்பதை ஒரு தடையாகக் கணக்கிடுகிறோம். மூச்சு வெகுவாகக் குறைவதும் கணக்கில் சேரும். மணிக்கு 5 தடைகளுக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 30-க்கு மேல் சென்றால் நோய் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை, காலைத் தலைவலி, மறதி, எரிச்சல் ஆகியவற்றுக்குப் பின்னால் இந்த நோய் பல வேளைகளில் ஒளிந்திருக்கிறது. அவர் பேருந்தோ லாரியோ ஓட்டுபவராக இருந்தால், பகலில் வரும் கண்ணயர்வு அவருடைய உயிரோடு நிற்பதில்லை.

மருத்துவரைப் பார்க்க வருமுன் ஒரு வாரம் சில குறிப்புகளை எழுதி வருமாறு துணைவரைக் கேட்டுக்கொள்கிறோம். இதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். தற்செயலாக விழிப்பு வரும்போது கவனித்தால் போதும். குறட்டை எல்லாப் பக்கமும் படுக்கும்போது வருகிறதா, மல்லாந்து படுக்கும்போது மட்டுமா? நடுவில் மூச்சு நிற்கிறதா? இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார்? கைகால்களை உதறுகிறாரா? கைபேசியில் இரண்டு, மூன்று நிமிடக் காணொளி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அவருடைய ஒப்புதலோடு எடுங்கள், உறவினர் குழுவில் பகிராதீர்கள். மார்பு ஏறி இறங்கியும் மூச்சொலி எழாத அரை நிமிடத்தைத் திரையில் கண்ட பிறகுதான், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவந்த பலர் உறக்க ஆய்வுக்கு இசைகிறார்கள்.

பகல் நேரத் தூக்கத்தை அளக்க எப்வொர்த் அளவுகோல் என்ற வினாத்தாளைப் பயன்படுத்துகிறோம். ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது அது. உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மதிய உணவுக்குப் பின் அமைதியாக அமர்ந்திருக்கும்போது என எட்டுச் சூழல்களில் கண்ணயர்வு வர எவ்வளவு வாய்ப்புண்டு என்று அது கேட்கிறது. மொத்தம் 24 மதிப்பெண். 10-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். கணவர் 6 என்று எழுதித் தந்ததை மனைவி வாங்கிப் பார்த்து 13 ஆக்கித் தருவது எங்கள் அறையில் பழகிய காட்சி. இருவரும் தனித்தனியே நிரப்பிக் கொடுத்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

விழித்திருப்பவருக்கு எந்தக் கோப்பிலும் பெயரில்லை. நள்ளிரவில் மூச்சு நின்றால் அது திரும்பும்வரை எண்ணிக்கொண்டிருப்பவர், காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நிற்கிறார். பகலில் சிறு சொல்லுக்கும் சினம் வருகிறது; சினம் வந்ததற்காகத் தம்மையே நொந்துகொள்கிறார். இது குணக்கேடன்று, உறக்கக் குறைவு. அவரிடம் நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: இரவெல்லாம் காவல் இருக்க வேண்டியதில்லை. அடைபட்ட மூச்சைத் திருப்பிக் கொண்டுவருவது உங்கள் கை அன்று. அவருடைய மூளையே அதைச் செய்கிறது. நீங்கள் கண்ணயர்ந்ததால் எதுவும் நிகழ்ந்துவிடும் என்ற அச்சத்தோடு படுக்காதீர்கள். எழுப்பியும் எழாமலோ, உடல் நீலம் பாரித்தோ காணப்பட்டால் மட்டும் 108-ஐ அழையுங்கள். மற்ற இரவுகளில் அவரை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே போதும். உலுக்கி எழுப்பினால் இருவர் உறக்கமும் கெடும்.

தனித்தனியே படுப்பது பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நம் ஊரில் கணவனும் மனைவியும் வேறு வேறு இடத்தில் படுத்தால், இருவருக்கும் மனத்தாங்கல் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். மாமியார் கேட்கும் ஒரு கேள்விக்கு அஞ்சி, ஆண்டுக்கணக்கில் உறங்காமலே அருகில் படுத்திருக்கும் மருமகள்கள் உண்டு. சிகிச்சை பயன்தரும்வரை சில இரவுகள் பிரிந்து படுப்பதில் குற்றமில்லை என்பதே எங்கள் கருத்து. அதை இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். ஒருவர் இரவோடு இரவாகத் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போவது மற்றவருக்குத் தண்டனை போலத் தோன்றும். படுக்குமுன் அரை மணி நேரம் சேர்ந்து பேசிவிட்டுப் பிரியும் தம்பதியர், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே கட்டிலில் படுப்பவர்களைவிட நெருக்கமாகவே இருக்கிறார்கள்.

ஓர் அறை வீட்டில் இந்த யோசனைக்கு இடமில்லை. அங்கே விழித்திருப்பவர் முன்னதாகப் படுத்து உறங்கிவிடுவது ஓரளவு உதவும். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் ஓசையைக் குறைக்கும். மின்விசிறியின் சீரான ஒலியும் குறட்டையின் ஏற்ற இறக்கத்தைச் சற்று மறைக்கும். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், அவருக்கும் கொடுக்காதீர்கள். மூச்சுத்தடை உள்ளவருக்குச் சில தூக்க மாத்திரைகள் தொண்டையை மேலும் தளர்த்தித் தீங்கு செய்யும். இரவில் அருந்தும் மதுவும் அதையே செய்கிறது. "ஒரு கிளாஸ் போட்டால்தான் நன்றாகத் தூக்கம் வருகிறது" என்று அவர் சொல்லும் இரவுகளில் மூச்சுத்தடை கூடிவிடுகிறது.

குறட்டை லேசானதாக இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. முதுகுப்புறம் ஒரு நீளத் தலையணையை அண்டக் கொடுத்து ஒருக்களித்துப் படுப்பது, மூக்கடைப்புக்கு முறையாக மருத்துவம் பார்ப்பது, உடல் எடையைக் குறைப்பது ஆகியவை பலன் தருவன. எடை குறைவது மெல்ல நடப்பது. அதற்காகக் காத்திருந்து மற்றச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். விளம்பரங்களில் வரும் மோதிரங்களையும் எண்ணெய்களையும் நம்பி மாதங்களைக் கழிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

மூச்சுத்தடை கடுமையானதென்று உறக்க ஆய்வில் தெரிந்தால் பெரும்பாலும் சிபேப் கருவியைப் பரிந்துரைக்கிறோம். சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1981-இல் இதைப் பற்றி முதன்முதலாக எழுதினார்கள். மூக்கின் மேல் பொருத்தும் முகமூடி வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் தாங்கிப்பிடிப்பதே அதன் வேலை. கருவியை வாங்குவது எளிது. முதல் சில வாரங்களைக் கடப்பதுதான் அரிது. மூச்சு முட்டுவது போன்ற உணர்வு, வாய் வறட்சி, மூக்கின் மேல் தழும்பு ஆகியவற்றோடு, மனைவி முன் இப்படி ஒரு கோலத்தில் படுப்பதா என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. கடைசியாகச் சொன்னதற்கு எங்களிடம் மருந்தில்லை, உங்களிடம் இருக்கிறது. மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் முகமூடியை அணிந்து பழகச் செய்யுங்கள். முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அளவை மாற்றித் தருவோம், மூலையில் போட்டுவிடாதீர்கள். ஈரப்பதத் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். மின்வெட்டு வரும் ஊர்களில் இன்வெர்ட்டரில் இணைத்துவைப்பது நல்லது. முதல் வாரத்தில், இத்தனை ஆண்டு கேட்ட ஓசை இல்லாமற்போனதால் துணைவர் திடுக்கிட்டு எழுந்து மூச்சிருக்கிறதா என்று கைவைத்துப் பார்ப்பதும் உண்டு. அதுவும் சில நாளில் அடங்கும்.

உறக்கத்தின் அமைதியைக் குலைப்பது குறட்டை மட்டுமன்று. படுத்தவுடன் கால்களில் ஏதோ ஊர்வது போலவும், அசைத்தால்தான் அடங்குவது போலவும் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். உடலில் இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இது மிகுதி. இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தால் அதைச் சரிசெய்வதே முதல் வேலை. பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்க வேண்டாம்.

வேறொரு வகை இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்தவர், பெரும்பாலும் ஆண், விடியலுக்கு முந்திய நேரத்தில் கனவில் யாரையோ எதிர்ப்பது போலக் கத்துகிறார், குத்துகிறார், உதைக்கிறார். அருகில் படுத்திருக்கும் மனைவிக்கு அடிபடுகிறது. கனவு காணும்போது உடல் தளர்ந்து அசையாதிருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு தவறுவதால் வரும் நோய் இது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷென்க், மஹோவால்ட் ஆகிய மருத்துவர்கள் 1986-இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். அவர் வேண்டுமென்று அடிப்பதில்லை என்பதை மனைவியும், மனைவி மிகைப்படுத்தவில்லை என்பதை அவரும் முதலில் ஏற்க வேண்டும். இந்த நோயோடு வருபவர்கள் தனிப் படுக்கையில் படுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கட்டிலருகே கண்ணாடிப் பொருள்கள் வேண்டாம்; தரையில் மெத்தை விரிப்பது இன்னும் பாதுகாப்பு. இவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் பார்கின்சன் போன்ற நரம்பு நோய்கள் தோன்றுவதால், நரம்பியல் மருத்துவரின் தொடர் கண்காணிப்பு தேவை.

மருத்துவமனையில் வேறு காரணத்துக்காகச் சேர்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூட்டு மாற்றமோ குடலிறக்கமோ, எந்த அறுவைச் சிகிச்சையாயினும், நோயாளிக்குக் குறட்டையும் மூச்சுத்தடையும் உண்டென்பதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மயக்க மருந்தும் வலி மருந்துகள் சிலவும் மூச்சுவழியைத் தளர்த்துவதால், அறுவைக்குப் பிந்திய முதல் இரவில் இவர்களைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் கேட்கும்போது நோயாளி "அதெல்லாம் இல்லை" என்று சொல்லக்கூடும். அந்த நேரத்தில் அருகில் நீங்கள் இருப்பது நல்லது. வீட்டில் சிபேப் பயன்படுத்துபவரானால், சேர்க்கைக்கு வரும் பையில் மருந்துச்சீட்டோடு கருவியையும் முகமூடியையும் எடுத்துவைத்து, வார்டுக்கு வந்ததும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.