கலை இயக்கப் பெயர்களும் தமிழாக்கமும்

ஐரோப்பிய ஓவிய வரலாற்றைத் தமிழாக்குவோர் ‘இசம்’ என முடியும் பெயர்களுக்கு -வாதம், -இயம், -இயல் என்னும் ஈறுகளுள் ஒன்றைச் சேர்த்தல் பெருவழக்கு. இவற்றுள் ‘வாதம்’ ஒரு கொள்கையையும் அதனை நிலைநாட்ட முனைதலையும் உணர்த்துவது. (நோய்ப்பெயராகவும் அது வழங்குதல் வேறு செய்தி.) ஆயின் அவ்வியக்கப் பெயர்களுட் சில கொள்கைப் பெயர்களாகத் தோன்றவில்லை; ஏளனச் சொற்களாகத் தோன்றின. இவ்வேறுபாட்டைத் தமிழில் எவ்வாறு காட்டலாம் என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

1874-இல் மொனே முதலிய ஓவியர்கள், அரசு சார்ந்த சலோன் காட்சிக்குப் புறம்பாகப் பாரிசில் தாமே ஒரு காட்சி நடத்தினர். அதில் வைக்கப்பட்ட மொனேயின் துறைமுக ஓவியத் தலைப்பு ‘அம்ப்ரெசியோன்’ என்னும் சொல்லுடன் தொடங்கியது. லூயி லெருவா ‘ல ஷாரிவாரி’ இதழில் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, முற்றுப்பெறாச் சுவர்த்தாளும் இதனினும் நிறைவுடையது என்னும் பொருள்பட எள்ளினார். தம் கட்டுரைத் தலைப்பில் அவ்வோவியர்களை ‘அம்ப்ரெசியோனிஸ்த்’ என்றார். அத்தலைப்பில் உள்ளது ஆட்பெயரே, கொள்கைப் பெயரன்று. தமிழிலோ ‘மனப்பதிவுவாதம்’ என முதலில் ஆக்கி, அதினின்று ‘மனப்பதிவுவாதி’ எனப் பிறப்பிக்கின்றோம். லெருவாவின் கட்டுரையை மொழிபெயர்க்குங்கால் இச்சொல்லை இட்டால் ஏளனம் மறைந்துவிடும், வசை பட்டமாகிவிடும். மேலும், அப்பிரெஞ்சுச் சொல் அச்சுப்பதிவையும் குறிக்கும். தமிழ்ப் ‘பதிவு’ இரண்டிற்கும் இடந்தருவது. ‘மனம்’ என்னும் அடை அதனைக் குறுக்குகின்றது.

எனவே 1874-க்குரிய பகுதியில் ‘பதிவுக்காரர்கள்’ என்பதே பொருந்தும் எனக் கருதுகின்றேன். ‘-காரர்’ ஈறு இழிவுப்பொருளை எப்போதும் தருவதன்று. எனினும் புதிதாக ஒட்டப்படும்போது எள்ளலுக்கு இடங்கொடுக்கும். 1877-இல் அவ்வோவியர்களே தம் மூன்றாம் காட்சிக்கு அப்பெயரை மேற்கொண்டனர். அதன்பின் ‘பதிவியலார்’ எனலாம்.

1905-ஆம் ஆண்டு இலையுதிர்காலச் சலோனில் மத்தீஸ், தெரேன் ஆகியோரின் கடுவண்ண ஓவியங்களுக்கிடையே மறுமலர்ச்சிக்காலப் பாங்கிலான ஒரு சிற்பம் இருந்தது. அதனைக் கண்ட திறனாய்வாளர் லூயி வோசெல், ‘ஃபோவ்’களின் நடுவே தொனத்தெல்லோ என எழுதினார். ‘ஃபோவ்’ கொடுவிலங்கு, செம்பழுப்பு நிறமும் ஆகும். ‘காட்டு விலங்குவாதம்’ நகைப்பிற்கிடமானது. ‘ஃபோவிசம்’ ஒலியை மட்டுமே தருவது. தமிழில் ‘வேங்கை’ புலியையும் பொன்னிறப் பூமரத்தையும் குறிக்கும். பூவுதிர்ந்த பாறையைப் புலியென மயங்குதல் சங்கப்பாடல் மரபு. நிறம் வேறாயினும், விலங்கும் வண்ணமும் ஒருசொல்லில் அமைதலால் ‘வேங்கையர்’ என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1908-இல் கான்வைலரின் காட்சிக்கூடத்தில் பிராக்கின் ஓவியங்களைப் பார்த்து, எல்லாவற்றையும் கனசதுரங்களாக்கிவிட்டார் எனக் குறைகூறியவரும் வோசெலே. ஆனால் 1912-இல் கிளேஸ், மெத்சேன்ஜே என்னும் ஓவியர் இருவர் இப்பெயரையே தலைப்பாக்கி நூல் வெளியிட்டுக் கோட்பாடு வகுத்தனர். ஆகவே ‘கனசதுரவாதம்’ அவ்வாண்டிற்குப் பின் பொருந்தும், முன்னர்ப் பொருந்தாது.

எதிர்காலவாதம், மீமெய்ம்மைவாதம் ஆகியவற்றுக்கு இச்சிக்கல் இல்லை. மரினெத்தி 1909-லும் பிரெத்தோன் 1924-லும் அறிக்கை வெளியிட்டே அவற்றைத் தொடங்கினர். அங்கு ‘வாதம்’ உரிய இடத்திலேயே நிற்கின்றது.