கிதாபுகளைச் சேமிக்க எந்தத் தட்டு?

வீட்டில் கிடக்கும் அறபுத்தமிழ்க் கிதாபுகளையும் பழைய சஞ்சிகைகளையும் ஸ்கேன் பண்ணி வைக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மவர் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல விசயம். அடுத்த கேள்வியில்தான் தடக்குப்படுகிறார்கள்: "சேர், இதையெல்லாம் எதில போட்டு வைக்கிற?"

முதலில் கணக்கு. ஏ4 பக்கமொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிறத்தில் எடுத்து, சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 26 மெகாபைட். நூறு பக்கச் சஞ்சிகை 2.6 கிகாபைட். ஒரு டெராபைட் தட்டில் இப்படி 380 இதழ்கள் கொள்ளும். (அந்தத் தட்டை விண்டோஸ் 931 கிகாபைட் என்றுதான் காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். உற்பத்தியாளர் 1000 ஆலும் விண்டோஸ் 1024 ஆலும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது.)

சாதாரண வன்தட்டுக்குள் உலோகப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தரம் சுழலும். ஓடும்போது கீழே விழுந்தால் பெரும்பாலும் சரி. எஸ்எஸ்டியில் அசைகிற பாகமே இல்லை, எல்லாம் சிப்தான்.

இவற்றைக் கணினியோடு இணைக்கும் வழிதான் இடைமுகம். பலரும் குழம்புவது இங்கேதான். சாட்டா என்பது தட்டின் வகையல்ல, பாதை. அதில் வன்தட்டும் போகும், எஸ்எஸ்டியும் போகும். பழைய ஐடிஈயின் அகலமான பட்டி வயரை ஓரங்கட்டி 2003 அளவில் வந்தது. இன்றைய சாட்டாவின் உச்சம் செக்கனுக்கு 600 மெகாபைட். சுழலும் தட்டு பெரும்பாலும் 100, 200 அளவில்தான் ஓடும். ஆகவே அதற்கு இந்தப் பாதையே தாராளம். எஸ்எஸ்டி 550 வரை ஓடி இடிபட்டு நிற்கும். அதற்காகத்தான் என்விஎம்ஈ வந்தது, 3000க்கும் மேலே போகும். எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதே வடிவில் சாட்டாவும் உண்டு, என்விஎம்ஈயும் உண்டு. மதர்போர்ட் எதை ஏற்கும் என்று பார்க்காமல் வாங்கினால் பூட்டியும் தெரியாது.

வெளியே பூட்டும் தட்டென்றால் யூஎஸ்பியைக் கவனியுங்கள். யூஎஸ்பி 2 துளையில் ஒரு டெராபைட்டைக் கொப்பி பண்ண எட்டு மணித்தியாலம் போகும். யூஎஸ்பி 3 இல் அதே தட்டுக்கு மூன்று மணித்தியாலம் அளவில் காணும்.

ஆனால் காத்து வைப்பதற்கு வேகம் பெரிதல்ல. எஸ்எஸ்டி தரவை மின்னேற்றமாகவே பிடித்து வைத்திருக்கிறது. வருசக்கணக்கில் மின் கொடுக்காமல் அலுமாரியில் போட்டால் அது மெல்லக் கசியும். பழுதானாலும் பெரும்பாலும் சொல்லாமலே போய்விடும். வன்தட்டு பலவேளை சத்தம் போட்டுக் காட்டும். செலவழித்தால் மீட்கவும் வாய்ப்புண்டு. என் அபிப்பிராயம்: வேலை செய்ய எஸ்எஸ்டி, வைத்துக்கொள்ள வன்தட்டு. ஆறு மாதத்துக்கொருக்கா பூட்டி, கோப்புகள் திறபடுகுதா என்று பாருங்கள். கரையோர உப்புக்காற்றுக்கு முனைகள் துருப்பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு தட்டு வைத்தாலும் அது ஒன்றுதான். 2004 டிசம்பர் 26 இல் சாய்ந்தமருதுக் கரையில் வீடுகளோடு போன கடதாசிகளை நினைத்தால் இது விளங்கும். இரண்டாவது தட்டு கண்டியிலோ குருநாகலிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். மூன்றாவது கொப்பிக்கு, 2005 முதல் இலங்கைத் தமிழ் ஏடுகளை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.